குரல் செய்திக்குப் பூட்டு: பதிவு செய்த பேச்சை மறையாக்கம் செய்வது எப்படி?

தொலைபேசியில் பேசி முடித்ததும் அந்தப் பேச்சு காற்றோடு போய்விடுகிறது. அந்த நேரத்தில் யாரேனும் ஒட்டுக்கேட்டுப் பதிந்து வைத்திருந்தாலொழிய, அதை மறுபடி எடுக்க வழியில்லை. பதிவு செய்து அனுப்பும் குரல் செய்தி அப்படியன்று. அது ஒரு கோப்பு. அனுப்பியவரின் கைபேசியில் ஒரு படி, இடையிலிருக்கும் நிறுவனத்தின் சேவையகத்தில் ஒரு படி, பெறுபவரின் கைபேசியில் ஒரு படி, இருவரும் இணையத்தில் காப்புநகல் எடுக்கிறவர்களாக இருந்தால் அங்கும் ஆளுக்கொரு படி என்று, முப்பது நொடிப் பேச்சு ஐந்து இடங்களில் தங்கியிருக்கலாம். ஆகவே குரல் செய்தியை மறையாக்கம் செய்வது, அதாவது என்கிரிப்ஷன் செய்வது பற்றிப் பேசும்போது, வழியில் யாரும் கேட்க முடியாது என்ற உறுதி மட்டும் போதாது. அந்த ஐந்து இடங்களிலும் கோப்பு பூட்டிய நிலையில் இருக்கிறதா, அங்கங்கே திறவுகோல் யார் கையில் இருக்கிறது என்று தனித்தனியே கேட்டாக வேண்டும். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். அதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும்.

குரல் எண்களாகும் விதம்

கைபேசியின் ஒலிவாங்கி காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை மின்னழுத்தமாக மாற்றுகிறது. அந்த மின்னழுத்தத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைத்தால் குரல் ஓர் எண்வரிசையாகிவிடுகிறது. எண்முறைத் தொலைபேசி இணைப்புகள் நெடுங்காலம் நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவுக்கும் 8 பிட், அதாவது 0 அல்லது 1 என்ற எட்டு இலக்கங்கள், ஒதுக்கின (எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட்). இசைக் குறுந்தகடு நொடிக்கு 44,100 முறை அளந்து 16 பிட் ஒதுக்குகிறது. பேச்சுக்கு 16,000 முறை அளந்தால் நல்ல தெளிவு கிடைக்கும். அப்படி 16 பிட்டில் ஒரு நிமிடம் பதிவு செய்தால் ஏறத்தாழ 1.9 மெகாபைட் வரும். இதை அப்படியே அனுப்புவது வீண்செலவு என்பதால், 2012இல் இணையத் தரமாக வெளியான ஓபஸ் போன்ற ஒலிச்சுருக்க முறைகளைச் செயலிகள் பயன்படுத்துகின்றன. நொடிக்கு 16 கிலோபிட் என்ற வேகத்தில் அதே ஒரு நிமிடப் பேச்சு 120 கிலோபைட்டில் அடங்கிவிடும். கேட்பவருக்குப் பேச்சு தெளிவாகவே விளங்கும்.

இங்கே வரிசைமுறை ஒன்று உண்டு: முதலில் சுருக்க வேண்டும், பிறகுதான் பூட்ட வேண்டும். சுருக்கம் என்பது தரவில் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கைக் கண்டுபிடித்து அதைக் குறைவான இடத்தில் எழுதுவது. நல்ல மறையாக்கமோ அந்த ஒழுங்கு எதுவும் வெளியே தெரியாதபடி அழித்துவிடுவது. பூட்டிய கோப்பைச் சுருக்க முயன்றால் அது ஒரு பைட்கூடக் குறையாது. அப்படி ஒரு கோப்பு கணிசமாகச் சுருங்கினால், அது சரியாகப் பூட்டப்படவில்லை என்றே ஐயப்படலாம்.

குரலைக் குலைத்தால் போதாதா?

குரலை மறைப்பது என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது, பேச்சைப் புரியாதபடி உருக்குலைத்து அனுப்பும் கருவிதான். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் பிரித்தானியப் பிரதமர் சர்ச்சிலும் பேசிக்கொண்ட அட்லாண்டிக் ரேடியோத் தொலைபேசி இணைப்பில், ஏ-3 என்ற இத்தகைய கருவி இருந்தது. அது குரலின் அதிர்வெண்களைப் பட்டைகளாகப் பிரித்து, அவற்றைத் தலைகீழாக்கியும் இடம் மாற்றியும் அனுப்பியது. ஜெர்மானிய அஞ்சல்துறைப் பொறியாளர்கள் அதை அவிழ்த்துவிட்டு, உரையாடல்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். சில பட்டைகளை இடம் மாற்றுவதற்கு எத்தனை வழிகள் இருந்தாலும் அவற்றுக்கு எண்ணக்கூடிய எல்லை உண்டு. பேச்சின் தாளமும் இடைநிறுத்தங்களும் எப்படிக் குலைத்தாலும் எஞ்சி நிற்கின்றன.

அதற்கு மாற்றாக வந்தது சிக்சாலி. பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாகி, 1943 ஜூலையில் வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் இடையே இயங்கத் தொடங்கிய அந்த அமைப்பு 50 டன்னுக்கும் மேல் எடை கொண்டது. அது குரலைக் குலைக்கவில்லை, முதலில் எண்ணாக்கியது. குரலின் கூறுகளை ஆறு நிலைகளில் ஒன்றாக அளந்து, ஒவ்வோர் அளவோடும் இரு முனைகளுக்கு மட்டுமே தெரிந்த சீரற்ற ஓர் எண்ணைக் கூட்டி அனுப்பியது. அந்தச் சீரற்ற எண்கள் கிராமபோன் இசைத்தட்டுகளில் இரைச்சலாகப் பதிவு செய்யப்பட்டு, ஒரே மாதிரியான தட்டு இரு நகரங்களிலும் ஒரே கணத்தில் சுழலவிடப்பட்டது. உரையாடல் முடிந்ததும் தட்டுகள் அழிக்கப்பட்டன. இன்று கைபேசிக்குள் நடப்பதன் அடிப்படை அன்றே இருந்தது: குரலை எண்ணாக்கி, ரகசிய எண்ணைக் கூட்டி அனுப்பு.

இன்றும் குரலை ஆண் குரலாகவோ பெண் குரலாகவோ இயந்திரக் குரலாகவோ மாற்றும் செயலிகளை மறையாக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவை பேசியவர் யார் என்பதை ஓரளவு மறைக்கலாம். பேசியது என்ன என்பதை மறைப்பதே இல்லை.

கூட்டலும் கழித்தலும்

நம் எண்வரிசையில் ஓர் அளவு 47 என்று வைத்துக்கொள்வோம். எல்லா அளவுகளும் 0 முதல் 99 வரைக்குள் இருக்கட்டும். ரகசியத் திறவுகோல் எண் 58. இரண்டையும் கூட்டினால் 105. நூறைத் தாண்டிவிட்டதால் நூறைக் கழித்துவிட்டால் 05. வழியில் போவது இந்த 05 மட்டுமே. பெறுபவர் அதிலிருந்து 58ஐக் கழிக்கிறார். மைனஸ் 53 வருகிறது, நூறைச் சேர்த்தால் 47 திரும்பக் கிடைத்துவிடுகிறது. இடையில் 05ஐ மட்டும் பார்த்தவருக்கு அது எதுவாகவும் இருந்திருக்கலாம்: திறவுகோல் 00 என்றால் குரல் 05, திறவுகோல் 06 என்றால் குரல் 99. நூறு விடைகளும் சமமான வாய்ப்புள்ளவை. திறவுகோல் எண்கள் முற்றிலும் சீரற்றவையாக, செய்தியின் நீளத்துக்குச் சமமாக, ஒரே ஒருமுறை மட்டும் பயன்படுத்தப்பட்டால் இந்தப் பூட்டை உடைக்கவே முடியாது என்று அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1949இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் நிறுவினார்.

ஒரே ஒருமுறை என்ற நிபந்தனையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த செய்தியில் அதே இடத்தில் குரலின் அளவு 62 என்று இருந்து, சோம்பலால் அதே 58ஐ மறுபடி கூட்டினால் 20 வரும். இப்போது ஒட்டுக்கேட்பவர் 20இலிருந்து 05ஐக் கழிக்கிறார்; விடை 15. மூலக் குரல்களின் வேறுபாடும், அதாவது 62க்கும் 47க்கும் இடையிலுள்ளதும், அதே 15தான். திறவுகோல் கணக்கிலிருந்தே காணாமல் போய்விட்டது. குரலைப் பொறுத்தவரை இது எழுத்தைவிட மோசமானது, ஏனென்றால் பேச்சில் மௌனம் அதிகம். சுருக்கப்படாத பதிவில் மௌனம் ஏறத்தாழப் பூஜ்ஜியம். ஒரு செய்தியில் பேசுபவர் மூச்சுவிட நிறுத்திய இடங்களில் எல்லாம், கழித்துப் பெற்ற வரிசையில் மற்றொரு செய்தியின் குரல் அப்படியே காதில் விழும். சுருக்கிய கோப்பில் இது இவ்வளவு நேரடியாக நடக்காது என்றாலும் தகவல் கசிவது கசிவதுதான்.

செய்தியின் நீளத்துக்குத் திறவுகோலும் வேண்டும் என்றால் இசைத்தட்டுகளைக் கப்பலில் அனுப்பிய காலத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும். இன்றைய முறைகள் ஒரு சிறு திறவுகோலை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து தேவையான நீளத்துக்குச் சீரற்றவை போலவே தோன்றும் எண்களைப் பெருக்கித் தருகின்றன, அல்லது தரவைத் துண்டு துண்டாக எடுத்து அந்தத் திறவுகோலால் கலக்குகின்றன. இவற்றில் மிகப் பரவலானது ஏஇஎஸ். பெல்ஜியத்தைச் சேர்ந்த யோன் டேமன், வின்சென்ட் ரைமென் ஆகியோர் வடிவமைத்த இந்த முறை, வெளிப்படையான போட்டியில் தேர்வாகி 2001இல் அமெரிக்க அரசின் தரமானது. இதன் 256 பிட் திறவுகோலுக்குச் சாத்தியமான மதிப்புகளின் எண்ணிக்கை 78 இலக்கங்கள் கொண்டது; ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பது நடக்காத காரியம். ஒரே திறவுகோலால் இரண்டு செய்திகளைப் பூட்டினாலும் மேலே சொன்ன கழித்தல் தந்திரம் பலிக்காதிருக்க, ஒவ்வொரு முறையும் மீண்டும் வராத ஓர் எண்ணைத் திறவுகோலோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். அந்த எண் ரகசியமானதல்ல. கோப்பின் முன்னாலேயே எழுதி அனுப்பலாம். மறுபடி வராமல் இருந்தால் போதும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தொடக்கநிலை விளக்கங்களில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. நம் எடுத்துக்காட்டில் வழியில் போகும் 05ஐ யாரேனும் 06 ஆக்கிவிட்டால், பெறுபவருக்கு 47க்குப் பதிலாக 48 கிடைக்கும். மாற்றியவருக்குத் திறவுகோல் தேவைப்படவில்லை, பேச்சு என்னவென்று தெரியவும் தேவையில்லை. அதைவிட எளிது, கோப்பின் வாலை வெட்டிவிடுவது: பேச்சின் கடைசி இரண்டு நொடியில் "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால், அந்த இரண்டு நொடி போனாலே பொருள் தலைகீழாகிவிடும். இதைத் தடுக்க, பூட்டிய தரவு முழுவதிலிருந்தும் திறவுகோலின் துணையோடு கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு முத்திரை, பெரும்பாலும் 16 பைட் அளவில், கோப்போடு செல்கிறது. ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் முத்திரை பொருந்தாது. செயலி கோப்பைத் திறக்கவே மறுக்க வேண்டும். நீண்ட பதிவுகளைத் துண்டுகளாகப் பூட்டும் மென்பொருள்கள், ஒவ்வொரு துண்டுக்கும் தனி முத்திரை இட்டு, கடைசித் துண்டு எது என்பதையும் முத்திரைக்குள் குறித்து வைக்கின்றன. மறைத்தல், மாறாமல் காத்தல் இரண்டையும் சேர்த்துச் செய்யாத எதையும் இன்று ஏற்கக் கூடாது என்பது என் கருத்து.

திறவுகோலை எப்படிக் கொடுப்பது?

இதுவரை சொன்னதில் இருவரிடமும் ஒரே ரகசிய எண் இருப்பதாக வைத்துக்கொண்டோம். அந்த எண் எப்படி மற்றவரிடம் போய்ச் சேர்ந்தது? ஒட்டுக்கேட்கப்படும் அதே பாதையில் அதை அனுப்பினால் பூட்டுவதே வீண். நேரில் சந்திக்காத இருவர் ரகசிய எண்ணை உருவாக்கிக்கொள்ள முடியும் என்பதை விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் 1976இல் உலகுக்குக் காட்டினார்கள். (பிரித்தானிய உளவு அமைப்பான ஜிசிஎச்க்யூவில் சிலர் இதற்குச் சில ஆண்டுகள் முன்பே இதே திசையில் போயிருந்தார்கள், அது 1997 வரை வெளியே சொல்லப்படவில்லை.)

சிறிய எண்களில் பார்த்துவிடலாம். எல்லோருக்கும் தெரிந்த எண்கள் இரண்டு: 2, 11. முதலாமவர் மனத்துக்குள் 3 என்ற எண்ணை வைத்துக்கொண்டு, 2ஐ மூன்று முறை பெருக்கி 8 என்று பெற்று அதை வெளிப்படையாக அனுப்புகிறார். இரண்டாமவர் மனத்தில் 4. 2ஐ நான்கு முறை பெருக்கினால் 16, அதை 11ஆல் வகுத்த மீதி 5. அதை அவர் அனுப்புகிறார். இப்போது முதலாமவர் தனக்கு வந்த 5ஐ மூன்று முறை பெருக்குகிறார்: 125, பதினொன்றால் வகுத்த மீதி 4. இரண்டாமவர் தனக்கு வந்த 8ஐ நான்கு முறை பெருக்குகிறார்: 4,096, மீதி அதே 4. இருவருக்கும் பொதுவான ரகசியம் கிடைத்துவிட்டது. வழியில் போனவை 8, 5 மட்டுமே. இவ்வளவு சிறிய எண்களில் ஒட்டுக்கேட்பவர் மனக்கணக்கிலேயே கண்டுபிடித்துவிடுவார். நடைமுறையில் பயன்படுவது டேனியல் பெர்ன்ஸ்டைன் வடிவமைத்த கர்வ்25519 போன்ற வளைகோட்டுக் கணிதம். அதில் எண்கள் 255 பிட் நீளமுள்ளவை, முன்னோக்கிக் கணக்கிட ஒரு நொடியின் சிறு பின்னம் போதும், பின்னோக்கிப் போக இன்றைய கணினிகளால் ஆகாது. மனத்துக்குள் வைத்துக்கொண்ட எண் தனித் திறவுகோல்; வெளியே அனுப்பியது பொதுத் திறவுகோல்.

ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்திய பிறகு

முனைக்கு முனை மறையாக்கம் கொண்ட, அதாவது அனுப்புபவரின் கைபேசியில் பூட்டியதைப் பெறுபவரின் கைபேசி மட்டுமே திறக்கக்கூடிய ஒரு செயலியில், பொத்தானை அழுத்திப் பேசிவிட்டு விரலை எடுத்ததும் நடப்பதை இப்போது தொடர்ந்து பார்க்கலாம். பேச்சு ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒலிக்கோப்பாக இருக்கிறது. கைபேசி அந்த ஒரு செய்திக்கு மட்டுமே உரிய புதிய சீரற்ற திறவுகோல் ஒன்றை உண்டாக்கி, கோப்பைப் பூட்டி, முத்திரையிட்டு, நிறுவனத்தின் சேவையகத்தில் ஏற்றிவிடுகிறது. பிறகு சிறிய எழுத்துச் செய்தி ஒன்றை உருவாக்குகிறது: பூட்டிய கோப்பு சேவையகத்தில் எங்கே இருக்கிறது, அதன் திறவுகோல் என்ன, அது மாறியிருக்கிறதா என்று சோதிக்கும் எண் என்ன என்பவை அதில் இருக்கும். இந்தச் சிறு செய்தி, இரு கைபேசிகளும் தமக்குள் ஏற்படுத்திக்கொண்ட ரகசியத்தால் பூட்டப்பட்டுப் பெறுபவருக்குப் போகிறது. அவருடைய கைபேசி அதைத் திறந்து, கோப்பை இறக்கி, முத்திரையைச் சரிபார்த்து, ஒலியை எழுப்புகிறது. சேவையகத்தின் பார்வையில் அந்தக் கோப்பு பொருளற்ற பைட்டுகளின் குவியல். இருபது பேர் கொண்ட குழுவுக்கு அனுப்பினாலும் பெரிய கோப்பு ஒருமுறைதான் ஏறுகிறது. திறவுகோலைச் சுமக்கும் சிறு செய்திதான் ஒவ்வொருவருக்கும் போகிறது.

சிக்னல் செயலிக்காக மாக்ஸி மார்லின்ஸ்பைக், ட்ரெவர் பெரின் இருவரும் வகுத்த நெறிமுறை இந்த ரகசியத்தை ஒவ்வொரு செய்திக்கும் மாற்றிக்கொண்டே போகிறது. பழைய திறவுகோல்கள் அழிக்கப்படுவதால், இன்று கைபேசி பறிபோனாலும் சென்ற மாதம் வழியில் பிடித்து வைத்த பூட்டிய செய்திகளை அதைக்கொண்டு திறக்க முடியாது. வாட்ஸ்அப் 2013இல் குரல் செய்தி வசதியைக் கொண்டுவந்தாலும், இதே நெறிமுறையைக்கொண்டு குரல் செய்தி உட்பட எல்லாவற்றுக்கும் மறையாக்கத்தை விரித்தது 2016 ஏப்ரலில்தான். டெலிகிராமில் வழக்கமான உரையாடல்கள் கைபேசிக்கும் சேவையகத்துக்கும் இடையில் பூட்டப்படுகின்றன; திறவுகோல் நிறுவனத்திடமும் இருக்கிறது. அங்கே முனைக்கு முனை பாதுகாப்பு வேண்டுமானால் ரகசிய உரையாடல் என்ற வகையைத் தனியே தொடங்க வேண்டும். ஒரு சேவை தன் விளம்பரத்தில் மறையாக்கம் என்ற சொல்லைப் போட்டிருப்பதாலேயே எதுவும் தெரிந்துவிடாது; வழியில் மட்டுமா, முனைக்கு முனையா என்பதே கேட்க வேண்டியது. எங்கள் முறை முழு ரகசியம், அதனால்தான் பாதுகாப்பு என்று சொல்லும் செயலியிலிருந்து விலகியிருப்பது நல்லது. முறை எதிரியின் கையில் கிடைத்தாலும் பூட்டு தாங்க வேண்டும், திறவுகோல் ஒன்றே ரகசியமாக இருக்க வேண்டும் என்று மறையாக்க அறிஞர் ஓகுஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் 1883இலேயே எழுதிவிட்டார்.

இங்கே ஒரு ஓட்டை எஞ்சியிருக்கிறது. நமக்கு வந்த பொதுத் திறவுகோல் உண்மையில் நண்பருடையதுதானா, அல்லது நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தன்னுடையதைக் கொடுத்து, இருபுறமும் நல்லவர் போல நடிக்கிறாரா? இதைச் சோதிக்கத்தான் சிக்னல், வாட்ஸ்அப் போன்றவற்றில் 60 இலக்க எண் ஒன்றும் அதற்குரிய க்யூஆர் குறியீடும் இருக்கின்றன. இருவர் திரையிலும் எண் ஒன்றாக இருந்தால் நடுவில் யாரும் இல்லை. நேரில் சந்திக்கும்போது ஒருமுறை ஒப்பிட்டுவிடுவது சிறந்தது. அந்த எண்ணைக் குரல் செய்தியாகவே படித்து அனுப்புவது போதாது. சோதிக்கப்படும் பாதையிலேயே சோதனை போகிறது, ஒருவரின் சில நொடிப் பதிவிலிருந்தே அவர் குரலைப் போலி செய்யும் மென்பொருள்கள் வந்துவிட்ட காலமும் இது.

பூட்டு தொடாத இடங்கள்

பெரும்பாலான கசிவுகள் கணிதத்தை உடைத்து நடப்பதில்லை. பெறுபவரின் கைபேசியில் செய்தி திறந்த நிலைக்கு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கேட்க முடியாது. அந்தக் கைபேசிக்குத் திரைப்பூட்டு இல்லையென்றாலோ, அதில் உளவு மென்பொருள் இருந்தாலோ மேலே சொன்ன எதுவும் காப்பாற்றாது. காப்புநகல் அதற்கு அடுத்த பெரிய வழி: செய்தி முனைக்கு முனை பூட்டிச் சென்றாலும், இருவரில் ஒருவரின் கைபேசி இரவுதோறும் எல்லா உரையாடல்களையும் மேகச் சேமிப்பில் பூட்டாமல் ஏற்றிக்கொண்டிருந்தால், அங்கே திறவுகோல் சேமிப்பு நிறுவனத்திடம் இருக்கிறது. வாட்ஸ்அப் 2021 அக்டோபரில் காப்புநகலுக்கும் முனைக்கு முனை மறையாக்கத்தைக் கொண்டுவந்தது. ஆனால் அது தானாக இயங்குவதில்லை, பயனர் அமைப்புகளுக்குள் போய் இயக்க வேண்டும், அதற்கான கடவுச்சொல்லையோ 64 இலக்கத் திறவுகோலையோ இழந்தால் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. நாம் இயக்கினால் மட்டும் போதாது என்பதையும் கவனிக்க வேண்டும். எதிர்முனையில் இருப்பவரும் இயக்கியிருக்க வேண்டும்.

குரலை எழுத்தாக்கிக் காட்டும் வசதியும் இதே கேள்வியை எழுப்புகிறது. எழுத்தாக்கம் கைபேசிக்குள்ளேயே நடந்தால் கவலையில்லை. ஒலி வேறொரு சேவையகத்துக்குப் போய் எழுத்தாகித் திரும்பினால், அந்தச் சேவையகம் பூட்டாத குரலைக் கேட்டுவிட்டது என்று பொருள். எழுத்தைவிடக் குரல் கசிவதால் வரும் இழப்பு கூடுதல்: சொன்னது மட்டுமின்றி, சொன்னவரின் அடையாளம், உணர்ச்சி, பின்னணியில் ஒலித்தவை எல்லாம் அதில் இருக்கின்றன. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம், குரலை மாற்ற முடியாது.

மறையாக்கம் உள்ளடக்கத்தை மறைக்கும். யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு நீளத்துக்குப் பேசினார்கள் என்பதைப் பெரும்பாலும் மறைப்பதில்லை. ஒரு நிமிடப் பேச்சு 120 கிலோபைட் என்று முன்பு கண்டோம். பூட்டிய கோப்பின் அளவைப் பார்த்தே பேச்சு எத்தனை நொடி என்று ஊகிக்கலாம். நேரடி இணைய அழைப்பில் இது இன்னும் சிக்கலானது. ஒலிக்கேற்ப வேகத்தை மாற்றும் சுருக்க முறையில், பூட்டிய சிறுபொதிகளின் நீளங்கள் ஏறி இறங்குவதை வைத்தே, குறிப்பிட்ட சொற்றொடர்கள் பேசப்பட்டனவா என்று கண்டறிய முடியும் என ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். பதிவு செய்த செய்தி ஒரே கோப்பாகப் பூட்டப்படுவதால் இந்த வகைக் கசிவு அதில் இல்லை; மொத்த நீளம் மட்டுமே தெரியும். அதையும் மறைக்க, கோப்பின் முடிவில் வெற்றுப் பைட்டுகளைச் சேர்த்து அளவை வட்டமாக்கிவிட்டுப் பூட்டலாம்.

நாமே பூட்ட வேண்டியிருந்தால்

மின்னஞ்சலிலோ நினைவட்டையிலோ ஒலிப்பதிவை அனுப்ப நேர்ந்தால் பூட்டும் வேலை நம்முடையது. 7-ஜிப் போன்ற இலவச மென்பொருளில் கோப்பைப் பொதியாக்கும்போதே கடவுச்சொல் கேட்கும் இடம் இருக்கிறது. அதன் 7இசட் வடிவம் ஏஇஎஸ் 256ஐப் பயன்படுத்துகிறது, கோப்பின் பெயரையும் மறைக்கும் தெரிவு அதில் உண்டு. பழைய ஜிப் வடிவத்தின் கடவுச்சொல் முறை 1994இலேயே உடைக்கப்பட்டுவிட்டது, ஆகவே அதைத் தவிர்க்க வேண்டும். அடிக்கடி அனுப்புகிறவர்களுக்கு ஏஜ், ஜிஎன்யு பிரைவசி கார்டு போன்ற மறையாக்க மென்பொருள்கள் பொருத்தமானவை. அவற்றில் பெறுபவரின் பொதுத் திறவுகோலால் பூட்டிவிடலாம் என்பதால் கடவுச்சொல்லைப் பரிமாறும் தொல்லையே இல்லை.

கடவுச்சொல்லால் பூட்டினால் பாதுகாப்பு முழுவதும் அந்தச் சொல்லில்தான் நிற்கிறது. பூட்டிய கோப்பு எதிரியின் கையில் இருக்கும்போது, மூன்று முறை தவறானால் கணக்கை முடக்கும் ஏற்பாடு எதுவும் அங்கே இல்லை; அவர் தம் கணினியில் எத்தனை கோடி முறை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம். எஸ்கிரிப்ட் (scrypt), ஆர்கான்2 போன்ற முறைகள் கடவுச்சொல்லைத் திறவுகோலாக்கும் வேலையை வேண்டுமென்றே மெதுவாக்கி ஒவ்வொரு முயற்சியையும் செலவு மிக்கதாக்குகின்றன என்றாலும், பிறந்தநாளையோ பெயரையோ அவற்றாலும் காப்பாற்ற முடியாது. 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டி ஆறு சொற்களைத் தேர்ந்தெடுத்துக் கோத்தால், சாத்தியங்களின் எண்ணிக்கை 24 இலக்கங்களுக்குப் போய்விடும். அந்தச் சொற்றொடரைக் கோப்பு போன அதே மின்னஞ்சலில் எழுதக் கூடாது. தொலைபேசியிலோ நேரிலோ சொல்வது முறை.

பூட்டிய பிரதியை அனுப்பிய பிறகும் பூட்டாத மூலப்பதிவு ஒலிப்பதிவுச் செயலியில் அப்படியே இருக்கும். அதை அழித்தாலும் குப்பைத்தொட்டிக் கோப்புறையில் சில வாரங்கள் தங்கியிருக்கலாம், தானியங்கிக் காப்புநகலில் ஏற்கெனவே ஏறியிருக்கலாம். சில செயலிகள் பதிவு செய்த இடத்தின் பெயரையே கோப்புக்குப் பெயராக இடுகின்றன. பூட்டிய பொதியின் பெயர் அதைக் காட்டிக்கொடுக்கும். கைபேசியிலும் நினைவட்டையிலும் உள்ள மின்னணு நினைவகத்தில், பழைய தரவின் மேல் புதியதை எழுதி அழிப்பது உறுதியானதல்ல, ஏனென்றால் நினைவகமே எழுதும் இடத்தை மாற்றி மாற்றி ஒதுக்குகிறது. ஆகவே முழுச் சேமிப்பகமும் மறையாக்கம் செய்யப்பட்டு, வலுவான திரைப்பூட்டும் உள்ள கைபேசியிலேயே பதிவைத் தொடங்குவதுதான் ஏற்றது.

நீண்ட காலம் மறைந்திருக்க வேண்டிய பேச்சுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இன்று திறக்க முடியாத கோப்பை ஒருவர் பிடித்துச் சேமித்து வைத்துக்கொண்டு, போதுமான ஆற்றலுள்ள குவாண்டம் கணினி வரும்வரை காத்திருக்கலாம். அப்படி ஒன்று வந்தால் ஏஇஎஸ் 256 பெரிதும் தாங்கும். உடையப்போவது டிஃபி-ஹெல்மன் வகைத் திறவுகோல் பரிமாற்றம். அதனால்தான் சிக்னல் 2023இல் தன் பரிமாற்றத்தோடு குவாண்டம் தாக்குதலைத் தாங்கும் கூடுதல் அடுக்கு ஒன்றைச் சேர்த்தது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், 2024 ஆகஸ்டில் இதற்கான முதல் தரங்களை வெளியிட்டது. பயனர் செய்ய வேண்டியது செயலியைப் புதுப்பித்து வைத்திருப்பது மட்டுமே, ஆனால் முன்பே பழைய முறையில் போய்விட்ட செய்திகளுக்கு அந்தப் புதுப்பிப்பு பின்னோக்கி வேலை செய்யாது.

குறித்த காலத்தில் தானாக மறையும் செய்தி, ஒருமுறை மட்டும் கேட்கக்கூடிய குரல் செய்தி ஆகிய வசதிகள், கோப்பு தங்கும் இடங்களையும் காலத்தையும் குறைக்கின்றன. இரு கைபேசிகளிலும் செயலி நேர்மையாக நடந்துகொள்ளும்வரை அவை பயன்படும். பெறுபவர் இன்னொரு கைபேசியை அருகில் வைத்து ஒலிபெருக்கியிலிருந்து பதிவு செய்துகொள்வதை எந்த மறையாக்கமும் தடுக்காது.